பழைய சீன நாற்காலி அசலா, போலியா? கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்த வாங் ஷிஷியாங்!

பழைய சீன நாற்காலி ஒன்று ஏலத்தில் கோடிக்கணக்கில் விலை போனதாக அவ்வப்போது செய்தி பார்த்திருப்பீங்க. பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும். அது மிங் ஆட்சிக்காலத்து (1368–1644) நாற்காலிதான் என்று நிபுணர்கள் எதை வைத்துச் சொல்றாங்க? அதற்கான பாடத்தை எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் வாங் ஷிஷியாங். ஒரு காலத்தில் அவர் மீதே பழம்பொருள் திருடியதாகக் குற்றச்சாட்டு வந்தது.

யார் இவர்?

1914-ல் பெய்ஜிங்கில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். அப்பா அயலுறவுப் பணியில் இருந்தவர். அம்மா, மீன் ஓவியங்களுக்குப் பேர்போனவர். அமெரிக்கப் பள்ளியில் படித்த மகனுக்கோ புறா வளர்ப்பு, சிள்வண்டுச் சண்டை, வல்லூறு வேட்டை என்று ஏகப்பட்ட பொழுதுபோக்கு. யென்சிங் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கான படிப்பில் சேர்ந்து, பிறகு இலக்கியத்துக்கு மாறினார். அம்மாவின் மரணத்துக்குப் பிறகுதான் ஆய்வில் தீவிரமானார்.

1943-ல், போர் நடந்துகொண்டிருந்தபோது, சிச்சுவான் மாகாணத்தின் லிஜுவாங் ஊருக்குப் போய், கட்டடக்கலை அறிஞர் லியாங் சிசெங்கின் குழுவில் சேர்ந்தார். மரக் கட்டடங்களை அளந்து, ஒவ்வொரு இணைப்பையும் வரைந்து புரிந்துகொள்வது அங்கே நடந்த வேலை. அதே பார்வையைத்தான் பின்னாளில் நாற்காலி, மேசைக்கும் கொண்டு வந்தார்.

காப்பாற்றியவர் மீதே சந்தேகம்

1945-ல் போர் முடிந்ததும், கொள்ளைபோன கலைப்பொருட்களை மீட்கும் பணி அவருக்குக் கிடைத்தது. ஜப்பானுக்கே போய் அரிய நூல்களைப் பெட்டி பெட்டியாக மீட்டு வந்தார். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் வேலை. 1948-ல் அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களைப் பார்த்துப் படிக்கப் போனவர், மறு ஆண்டே நாடு திரும்பிவிட்டார்.

1952-ல், அரசின் ஊழல் ஒழிப்பு இயக்கத்தின்போது, மீட்ட பொருட்களில் கைவைத்தாரா என்று அவரையே அடைத்துவைத்து விசாரித்தார்கள். சுமார் 10 மாதம் கழித்து, எந்த ஆதாரமும் இல்லை என்று விட்டார்கள். ஆனால் காசநோய் வந்திருந்தது. அருங்காட்சியக வேலையும் போயிருந்தது.

பிறகு இசை ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. 1957-ல் ‘வலதுசாரி’ என்ற முத்திரையும் விழுந்தது. ஓய்வு நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய சாமான் கடைகளைச் சுற்றினார். பலர் பழைய மரச்சாமான்களைப் பிரித்து, வெறும் மரமாகப் பயன்படுத்திய காலம் அது. கையில் இருந்த காசுக்கு வாங்கிச் சேர்த்தார். வாங்க முடியாததைப் போட்டோ எடுத்தார், அளந்து குறித்தார். பழுதுபார்க்கும் தச்சர்களிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் கேட்டு எழுதினார்.

அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மரம். உயர்ந்த ரகச் சாமான்களில் இரண்டு மரங்கள் பிரபலம். ஒன்று, பொன்பழுப்பு நிறமும் அழகான ரேகையும் கொண்ட ஹுவாங்ஹுவாலி. இன்னொன்று, கருஞ்சிவப்பான சிடான். இது ஆந்திராவின் சேஷாசலம் மலையில் வளரும் நம்ம செம்மரம்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் மரம் பழசு என்பதாலேயே நாற்காலியும் பழசாகிவிடாது. பழைய மரத்தில் புதுச் சாமான் செய்யலாமே!

அடுத்து இணைப்பு. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்குள் கச்சிதமாக உட்காரும் கழுந்து. நல்ல சாமான் ஆணியை நம்பி நிற்காது. தேவையில்லாத இடத்தில் அடைத்த பழைய துளை தெரிந்தால், அந்தக் கட்டை வேறு எதிலிருந்தோ வந்திருக்கலாம்.

மூன்றாவது தேய்மானம். காலை வைக்கும் குறுக்குச் சட்டம் நடுவில் தேய்ந்திருக்கும். கை படும் இடம் வழவழப்பாகும். தரையைத் தொடும் கால்நுனி ஈரத்தில் அரித்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் உஷாராக வேண்டும்.

வியாபாரத் தந்திரங்களும் உண்டு. ஒரு நாற்காலியைப் பிரித்து, பாதிப் பாகங்களைப் புதிதாகச் செய்து, ‘ஜோடி’ என்று இரண்டாக விற்பார்கள். எளிய சாமானில் புதுசாகச் செதுக்கி விலையை ஏற்றுவார்கள்.

வடிவமைப்பின் தரத்தையும் வாங் பார்த்தார். 16 நிறைகள், 8 குறைகள் என்று பட்டியலே போட்டார். பழசு எல்லாம் நல்லது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. மிங் பாணிச் சாமான்கள் அடுத்து வந்த சிங் ஆட்சியின் தொடக்கத்திலும் செய்யப்பட்டன. அதனால் பாணியையும் காலத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது முக்கியமான பாடம்.

71 வயதில் ஒரு பெரிய புத்தகம்

கலாச்சாரப் புரட்சியில் அவருடைய சேகரிப்பு கைவிட்டுப் போனது. 1969-ல் ஹூபே மாகாணத்துக்கு உடலுழைப்புக்கு அனுப்பப்பட்டு, 1973-ல் திரும்பினார். பின்னர் சாமான்கள் திரும்பக் கிடைத்தன. வைக்கத்தான் வீட்டில் இடமில்லை. பழைய பீரோவுக்குள்ளேயே படுத்துத் தூங்கிய காலமும் உண்டு.

1985-ல் மிங் பாணிச் சாமான்கள் பற்றிய படத்தொகுப்பு வெளிவந்தது. 1989-ல் விரிவான ஆய்வு நூல். அதற்கான நுணுக்கமான கோட்டோவியங்களை வரைந்தவர் மனைவி யுவான் சுவான்யோ.

புத்தகம் வந்ததும் பழைய சாமான்களின் விலை எகிறியது. வாங் நினைத்திருந்தால் தன்னிடம் இருந்ததை ஏலத்துக்கு விட்டுப் பெரும் பணம் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. 79 சாமான்களையும் சந்தை விலையைவிட மிகக் குறைவாக, ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்: வாங்குபவர் எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் ஷாங்காய் அருங்காட்சியகத்துக்கே தர வேண்டும். அப்படியே நடந்தது. 2003-ல் நெதர்லாந்தின் பிரின்ஸ் கிளவுஸ் விருதோடு வந்த 1,00,000 யூரோவையும் ஒரு கிராமப்புறப் பள்ளிக்காகக் கொடுத்துவிட்டார்.

2009-ல், 95 வயதில் காலமானார். திருடன் என்ற சந்தேகத்தில் வேலையை இழந்தவரின் சேகரிப்பு, இன்று ஷாங்காயில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது.