வை. மு. கோதைநாயகி அம்மாள்: பள்ளி காணாத நாவலாசிரியை

நூறு ஆண்டு கண்ட பழைய மாணவியர் சங்கமொன்றின் மலரில், ஒருநாளேனும் பள்ளிக்கூட வாங்கில் அமர்ந்திராத ஒருவரைப் பற்றி நாம் எழுத முன்வந்தமைக்குக் காரணம் உண்டு. எமது சங்கத்தின் முன்னோடிகள் கூட்டம் கூடி, அறிக்கை எழுதி, அதைத் தாமே வாசித்துக்கொண்டிருந்த காலத்தையொட்டி, கடலுக்கு அப்பால் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு பெண், தன் மனத்தில் உருவான நாடகத்தை எழுதக் கையின்றித் தவித்தார். பிற்காலத்தில் 115 நாவல்களின் ஆசிரியர் என்று பெயர் பெற்றவர் அவரே.

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் திகதி ஒரு வைணவக் குடும்பத்திற் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்து, பாட்டியின் கையில் வளர்ந்தார். ஐந்து வயது கடந்த சிறு பராயத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. இன்று இதைக் கேட்கும் எமது பேத்திகள் சிரிப்பார்கள்; அன்று அந்தத் தெருவில் இதைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல், அவருடைய திருமணம் நடந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகே, இந்தியாவில் வந்தது. அவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் ‘வை. மு.’ கூடப் புகுந்த வீடு கொடுத்ததுதான்.

அந்தப் புகுந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழ்க் கதைகளில் மாமியார் என்றால் கொடுமைக்காரி என்று எழுதிவைத்துவிட்டோம். கோதைநாயகிக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தவர் மாமியார். திருவாய்மொழி முதலியவற்றை அறிமுகப்படுத்தியவர் மாமனார். கணவர் அவரை நாடகம் பார்க்க அழைத்துச் சென்றார். வீட்டுப் பெண்ணை நாடகக் கொட்டகைக்கு அழைத்துச் செல்வது அக்காலத்தில் சிறிய காரியமன்று. பகலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து அவர் தாமே புனைந்த கதைகளைச் சொல்லுவார். கதை சொல்லும் வித்தை அப்படித்தான் கைவந்தது. ஏட்டுக் கல்வியால் வந்ததன்று.

நாடகங்கள் பல பார்த்தபின் தாமும் ஒன்று எழுத ஆசைப்பட்டார். தமிழைத் தங்குதடையின்றி எழுதும் பயிற்சி அவருக்கு இல்லை. பட்டம்மாள் என்ற தோழி பக்கத்தில் அமர்ந்துகொள்ள, இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ‘இந்திர மோகனா’ இவ்வாறு பிறந்து 1924இல் நூலாகியது. இந்தத் தோழியை நாம் எளிதிற் கடந்துபோகக் கூடாது. எழுதத் தெரிந்த ஒருத்தி தெருவில் இருந்தமையால் எழுதத் தெரியாத ஒருத்தி நூலாசிரியையானாள். அத்தகைய தோழி கிடைக்காமல் அடுப்படியிலேயே அழிந்த கதைகள் எத்தனையோ! பின்னர் அந்தத் தோழியிடமே எழுதவும் பழகிக்கொண்டார் கோதைநாயகி.

இவ்விடத்தில் எமது மண்ணின் நிலையையும் ஒப்பிட்டுப் பார்க்க மனம் விழைகிறது. யாழ்ப்பாணத்தில் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டது. மங்களநாயகம் தம்பையா என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை 1914இல், அதாவது ‘இந்திர மோகனா’வுக்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, வெளியிட்டுவிட்டார். இதனைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. படித்த பெண்கள் பெருகிய ஊரிலும் அந்த அம்மையாரைத் தொடர்ந்து எழுத வந்தோர் மிகச் சிலரே. சீதனத்தைக் கூட்டிப் பேசவே பலருடைய படிப்பு பயன்பட்டது என்றால் வயதில் மூத்த அக்காமார் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

அடுத்து ‘வைதேகி’ என்ற நாவல். அதற்கு வடுவூர் துரைசாமி ஐயங்கார் துணைநின்றார். அக்காலத்தில் வடுவூரார், ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகளையும் மர்மக் கதைகளையுமே மக்கள் விரும்பிப் படித்தனர். அந்த ஆண்களின் அரங்கில் வீட்டுப் பெண் ஒருத்தி புகுந்தால் ஊர் என்ன சொல்லும்? சொன்னது. பத்தினிப் பெண்ணுக்கு நாவல் எதற்கு என்று தெருவில் ஏளனம் எழுந்தது. கணவரையும் அது விட்டுவைக்கவில்லை. பார்த்தசாரதியோ பின்வாங்கவில்லை. 1925இல், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்ற சஞ்சிகையை வாங்கி மனைவியின் பொறுப்பில் நடத்தத் தொடங்கினார்கள். அதன்பின் தம் கதையை வெளியிட எந்த ஆணின் தயவையும் கோதைநாயகி நாட வேண்டியிருக்கவில்லை. ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தச் சஞ்சிகை நடந்தது.

அந்த நாவல்களில் என்ன இருந்தது? திருப்பங்கள் இருந்தன, ஆள்மாறாட்டம் இருந்தது, கண்ணீர் தாராளமாக இருந்தது. அவற்றோடு கைம்பெண் மறுமணம், வரதட்சணை, குடியின் கேடு, பெண் கல்வி என்பனவும் இருந்தன. இலக்கியத் தரம் பேசியோர் அவரை ஒதுக்கியே வைத்தனர். அவருடைய நாயகிகள் பொறுமையின் வடிவங்கள், கற்பின் சிகரங்கள் என்ற குறை இன்றைய வாசகிக்குத் தோன்றும், எமக்கும் தோன்றுகிறது. ஆனால் அந்த நாயகியைப் படைத்தவர் வீட்டுக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். மேடையிற் பேசினார், பாடினார், பத்திரிகை நடத்தினார். கதையில் இடங்கொடுக்கத் தயங்கிய துணிவைத் தம் வாழ்க்கையில் தாராளமாகச் செலவிட்டார். ஒருவேளை கதையும் அவ்வாறு துணிந்திருந்தால் வீட்டுப் பெரியவர்கள் ‘ஜகன்மோகினி’யை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். பெண்கள் வாசித்தாக வேண்டுமானால் முதலில் வாசற்படியைத் தாண்ட வேண்டும்; அந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே எமது எண்ணம்.

1925இல் சென்னை வந்த காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் ஈடுபட்டுச் சிறை சென்றார். வேலூர்ச் சிறையிலும் எழுத்தை விடவில்லை. அங்கிருந்தும் நாவல் வந்தது. முன்பு சொல்லி எழுதுவித்தவர் இப்பொழுது சிறைக்குள் தம் கையாலே எழுதினார்! எந்தப் பரீட்சைச் சான்றிதழும் இதற்கு ஈடாகாது.

காந்தியடிகள் மறைந்தபின் மகாத்மாஜி சேவா சங்கம் அமைத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொண்டு செய்தார். விடுதலைப் போராளி என்ற வகையில் அரசு கொடுத்த பத்து ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூமிதான இயக்கத்துக்கே கொடுத்துவிட்டார்.

1956இல் ஒரே மகன் சீனிவாசன் காலமானார். அந்த அடி தாங்கக் கூடியதாக இருக்கவில்லை. காசநோயும் பற்றிக்கொண்டது. தாம்பரம் மருத்துவமனையில் 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கோதைநாயகி அம்மாள் கண்மூடினார். வயது ஐம்பத்தெட்டு.

அவருடைய ‘அனாதைப் பெண்’ 1938இலேயே திரைப்படமாகியிருந்தது. மறைந்து ஆறு ஆண்டுகளின் பின், 1966இல், அவருடைய இன்னொரு நாவல் ‘சித்தி’ என்ற பெயரிற் படமாகியது. பத்மினியும் எம். ஆர். ராதாவும் நடித்த அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்து அழுதவர்கள் எமது சங்கத்திலும் இருக்கிறார்கள். குடும்பத்தின் தேவைக்காக வயதானவருக்கு வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண்ணின் கதையை முதலில் எழுதியவர் யாரென்று அன்று எம்மிற் பலர் கேட்கவேயில்லை.