மீன்களுக்காக வாதாடிய மாஜிஸ்திரேட்டு

கனடா தேசத்தின் மேற்குக் கோடியில், பசிபிக் மகா சமுத்திரத்தின் ஓரத்தில், வான்கூவர் தீவு இருக்கிறது. அந்தத் தீவில் காம்ப்பெல் ரிவர் என்று ஓர் ஊர். ஊருக்கும் அதே பெயர். அங்கு ஓடும் ஆற்றுக்கும் அதே பெயர்.

அந்த ஊரில் ஒரு மாஜிஸ்திரேட்டு இருந்தார். சட்டக் கல்லூரியில் படித்தவர் அல்ல. பள்ளிக்கூடத்தையே ஒழுங்காக முடிக்காதவர். மரம் வெட்டிப் பிழைத்தவர். ஆனாலும் 30 வருஷங்களுக்கு மேல் அந்த ஊரில் நீதி வழங்கினார். வழக்கு இல்லாத வேளையில் அவரைப் பார்க்க வேண்டுமா? ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். அல்லது ஆறு கடலில் விழும் இடத்துக்குப் போக வேண்டும். தொடை அளவு தண்ணீரில், தூண்டிலும் கையுமாக நின்றுகொண்டிருப்பார்.

அவர் பெயர் ரோடரிக் ஹேக் பிரவுன். தூண்டில் பிடிப்பவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் அந்தப் பெயரை அறிவார்கள்.

தாத்தா தலைமை ஆசிரியர், பேரன் வெளியேற்றம்!

ஹேக் பிரவுன் 1908-ம் வருஷம் பிப்ரவரி 21-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தகப்பனார் பள்ளி ஆசிரியர், பத்திரிகைகளுக்கு எழுதுகிறவர். முதல் உலகப் போர் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். 1918 மார்ச்சு மாதம் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அப்போது மகனுக்கு வயது 10.

தாயார் குழந்தைகளை அழைத்துக்கொண்டு டார்செட் என்ற இடத்தில் இருந்த தன் தகப்பனார் வீட்டுக்குப் போனார். அது பெரிய வீடு. வேட்டை, மீன் பிடித்தல் எல்லாம் உண்டு. பக்கத்தில் தெளிந்த ஆறு. அங்கேதான் சிறுவனுக்குத் தூண்டில் பழக்கம் வந்தது.

பிறகு சார்ட்டர்ஹவுஸ் என்ற புகழ் பெற்ற பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பையனுடைய பாட்டனார், அதாவது தகப்பனாரின் தகப்பனார், ஒரு காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். அந்தப் பள்ளியில் இருந்துதான் பேரன் வெளியேற்றப்பட்டான்! விதிகளுக்குக் கட்டுப்படாத பிள்ளை என்பது காரணம். பிற்காலத்தில் இவரே நாற்காலியில் உட்கார்ந்து விதி மீறியவர்களை விசாரித்தார் என்றால், விதியின் விளையாட்டை என்ன சொல்வது!

அரசாங்க உத்தியோகத்துக்குப் போவான் என்று வீட்டார் நம்பினார்கள். பையனோ 1926-ல், 18-வது வயதில், கப்பல் ஏறிவிட்டான். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பக்கம் மரம் வெட்டும் முகாமில் வேலை. பிறகு எல்லை தாண்டி வான்கூவர் தீவுக்கு வந்தார். அங்கே நிம்ப்கிஷ் என்ற ஆற்றுப் பக்கம் காட்டு வேலை செய்தார், கண்ணி வைத்துப் பிராணிகளைப் பிடித்தார், மீன் பிடித்தார்.

இடையில் சில காலம் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 1931-ல் அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. ஒரு சால்மன் மீனின் வாழ்க்கைக் கதை அது. ஆனால் லண்டன் பிடிக்கவில்லை. மறுபடியும் தீவுக்கே வந்துவிட்டார்.

சால்மன் என்றால் என்ன?

சால்மனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது.

சால்மன் ஆற்றிலே பிறக்கிறது. குஞ்சாகக் கடலுக்குப் போகிறது. கடலிலே தின்று கொழுக்கிறது. பருவம் வந்ததும், தான் பிறந்த அதே ஆற்றைத் தேடி வருகிறது! வெள்ளத்தை எதிர்த்து நீந்தி, அருவியைத் தாவி, மேலே போய்க் கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டை இடுகிறது. பசிபிக் கடலின் சால்மன் முட்டை இட்டதும் செத்துவிடும். ஒரு தாய் இடும் முட்டைகள் ஆயிரக்கணக்கில். அவற்றில் வளர்ந்து திரும்பி வருபவை ஒன்றோ இரண்டோதான்.

டிரவுட் என்று இன்னொரு மீன். சால்மனுக்கு உறவு. வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அந்த ஜாதிதான். வான்கூவர் தீவில் இருக்கும் ஒரு வகை டிரவுட்டுக்குத் தாடையின் கீழே சிவப்பாக ஒரு கீற்று. கழுத்தை அறுத்தது போல் இருக்கும். அதனால் அதற்கு கட்த்ரோட், அதாவது அறுத்த கழுத்து, என்று பெயர்! அதுவும் கடலுக்குப் போகும். ஆனால் தூரம் போகாது. கரை ஓரமாகவே, சிப்பியும் பாசியும் படிந்த கற்களுக்கு மேலே, முழங்கால் தண்ணீரில் மேய்ந்து திரியும்.

உப்புத் தண்ணீரில் பொய் ஈ

இந்த மீன்களைப் பிடிக்க ஹேக் பிரவுன் புழுவைக் கோர்ப்பதில்லை. பறவை இறகு, மிருகங்களின் மயிர், வெள்ளி ஜரிகை இவற்றைக் கொக்கியில் நூலால் சுற்றிக் கட்டுவார். ஈ போலவும் குஞ்சு மீன் போலவும் அது தோன்றும். இதற்குப் பொய் ஈ என்று பெயர் வைக்கலாம். அதற்கு எடையே கிடையாது. சாதாரணத் தூண்டில் போல வீசினால் காலடியிலேயே விழும். ஆகவே கயிற்றைக் கனமாகச் செய்கிறார்கள். கம்பை முன்னும் பின்னும் ஆட்டினால் கயிறு தலைக்கு மேலே பாம்பு போல் நெளிந்து, நீண்டு, தூரத்தில் போய் மெதுவாக இறங்கும். பார்க்க எளிது. பழக வருஷக் கணக்கு ஆகும்.

ஆற்றில் இப்படிப் பிடிப்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம். கடலில் செய்வது வேறு சங்கதி. ஆற்றில் மீன் நிற்கும் இடம் தெரியும். கடலில் எங்கே தேடுவது? ஏற்றத்தையும் இறக்கத்தையும் படிக்க வேண்டும். வசந்த காலத்தில் சால்மன் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஆற்றை விட்டு இறங்கும். கட்த்ரோட் அவற்றுக்காகக் கழிமுகத்தில் காத்திருக்கும். கடல் ஏறும்போது அதுவும் கரையை ஒட்டி ஏறி வரும். அந்த நேரத்தில் வெள்ளி ஜரிகை சுற்றிய ஈ ஒன்று குஞ்சு மீன் போல் ஓடினால், விடுமா?

இலையுதிர் காலத்தில் கோஹோ என்ற சால்மன் வரும். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் உடனே ஏறாது. மழையை எதிர்பார்த்து விரிகுடாவில் சுற்றும், துள்ளும். அதைப் பிடிக்க அந்தப் பக்கத்துக்காரர்கள் துருவக் கரடியின் மயிரில் ஈ கட்டினார்கள். தண்ணீரில் அந்த மயிர் மினுமினுக்கும். கொக்கியைக் கவ்விய கோஹோ கடல் பக்கமாக ஓட ஆரம்பித்தால், கயிறு சுற்றிய உருளை அலறும். அதைத் தடுத்து நிறுத்த ஆற்றங்கரை போல் எதிர்க்கரை ஒன்று இல்லை.

இந்த வித்தைகளை ஹேக் பிரவுன் சோதித்துப் பார்த்தார். தாமே புது ஈக்களைக் கட்டினார். 1939-ல் மேற்குக் கடற்கரை மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அதுவரை இங்கிலாந்துப் புத்தகங்களைப் பார்த்து மீன் பிடித்தவர்களுக்கு, தங்கள் மீன்களைப் பற்றித் தங்கள் ஊர்க்காரர் எழுதிய நூல் கிடைத்தது.

அலை ஏறாத மேடு

1934-ல் சியாட்டில் நகரத்துப் பெண் ஆன் எல்மோரை மணந்தார். காம்ப்பெல் ஆற்றின் கரையில் ஒரு வீடும் சிறு பண்ணையும் வாங்கினார்கள். கடல் ஏற்றம் எட்டும் இடத்துக்குச் சற்று மேலே இருந்ததால், அலைக்கு மேல் என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். நாலு குழந்தைகள் பிறந்தன. எழுத்து வருமானம் போதாது. பண்ணை வேலையும் செய்தார்கள். ஆன் அந்த அம்மாள் நிறையப் படித்தவர். கணவர் எழுதியதைப் படித்துப் பார்ப்பவர் அவரே. புருஷன் அடித்து விரட்டிய பெண்கள் இரவில் வந்து கதவைத் தட்டினால் அடைக்கலம் கொடுத்தவரும் அவரே. அப்படிப்பட்ட பெண்களுக்காகப் பின்னால் அந்த ஊரில் ஏற்பட்ட இல்லத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஹேக் பிரவுன் 20-க்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். கடலில் மீன் பிடிக்கப் போகும் பையன்களைப் பற்றி 1948-ல் எழுதிய கதைக்கு கவர்னர் ஜெனரல் பரிசு கிடைத்தது.

அணை வந்தது

இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் மின்சாரத்துக்கு ஏகக் கிராக்கி. காம்ப்பெல் ஆற்றில் 1947-ல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அடுத்த திட்டம் ஆற்றின் மேற்பகுதியில். அங்கே பட்டில் என்று ஓர் அழகான ஏரி. அதைச் சுற்றி 1911-ல் ஏற்பட்ட ஸ்ட்ராத்கோனா பூங்கா. அந்த மாகாணத்தின் முதல் பூங்கா அது. ஏரியின் தண்ணீரை உயர்த்தினால் கரைக் காடுகள் மூழ்கிவிடும்.

ஹேக் பிரவுன் எதிர்த்து நின்றார். மின்சாரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஜனங்களுக்கு என்று ஒதுக்கிய இடத்தை, ஜனங்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்றார். கூட்டங்களில் பேசினார், எழுதினார், விசாரணையில் வாதாடினார். நீதி சொல்லும் மனிதர் வாதியாக நின்றார். ஊருக்கு வேலை கொடுப்பதே மரமும் மின்சாரமும் என்னும்போது, அவற்றின் வழியில் நிற்பது லேசான காரியமா? பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் மறுநாள் விழிக்க வேண்டுமே!

தோற்றுப் போனார். 1950-களின் முடிவுக்குள் அணை எழுந்தது. ஏரி உயர்ந்தது. 1960-களில் அதே பூங்காவுக்குள் சுரங்கமும் வந்தது.

ஆனால் இன்னொரு போராட்டம் வேறு விதமாக முடிந்தது. பிரேசர் நதி சால்மனுக்குத் தாய்வீடு. அதன் நடுவில் மோரான் என்ற இடத்தில் பிரமாண்டமான அணை கட்ட யோசனை இருந்தது. மீன் ஏற வழி இராது. எதிர்த்தவர்களில் ஹேக் பிரவுனும் ஒருவர். அந்த அணை கட்டப்படவே இல்லை. இன்றும் பிரேசரின் பிரதான ஓட்டத்தில் அணை கிடையாது.

தண்ணீருக்குள்ளே

வயது ஆக ஆக, பிடிப்பதை விடப் பார்ப்பதில் ஆசை அதிகமாயிற்று. பிடித்த மீன்களை அநேகமாகத் திரும்ப விட்டுவிடுவார். 50 வயதுக்கு மேல் முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினார். வாழ்நாள் எல்லாம் மேலிருந்து ஊகித்த மீன்களை அவற்றின் பக்கத்திலேயே மிதந்தபடி பார்த்தார்.

பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டப்பட்டவர் 1970-ல் விக்டோரியா பல்கலைக் கழகத்தின் வேந்தர் ஆனார்! 1976 அக்டோபர் மாதம் தம் ஊரிலேயே இறந்தார். வயது 68. சால்மன்கள் ஆற்றில் ஏறும் மாதம் அது.

மறு வருஷம், ஆடம்ஸ் என்ற ஆற்றுப் பக்கம் இருந்த பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 4 வருஷத்துக்கு ஒரு முறை அங்கே சால்மன் கூட்டம் ஆற்றையே சிவப்பாக்கும். 2018-ல் அந்தப் பெயரை மாற்றி, அந்த மண்ணின் பூர்வகுடிகள் மொழியில் பல ஆறுகள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். ஹேக் பிரவுன் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

காம்ப்பெல் ஆற்றங்கரையில் அவருடைய வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் மீன்கொத்தியின் பெயரில் ஒரு சிற்றோடை. அது பாழாகிக் கிடந்தது. அவர் இறந்த பிறகு ஊர்க்காரர்கள் கூடி அதைச் சீர்ப்படுத்தினார்கள், கோஹோ குஞ்சுகள் வளர்வதற்காக.