ஒரே பந்தியில் இருத்தல்: ஹன்டி பேரின்பநாயகம் முடிக்காமல் விட்ட வேலை

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் வேறு மூன்று குடும்பங்களோடு தங்கினோம். முற்றத்தில் பெரிய கிடாரம் வைத்து எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினார்கள். வரிசையில் நின்று வாங்கிவந்து அம்மம்மாவிடம் நீட்டினேன். யார் காய்ச்சினது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாட்கள் பிஸ்கட்டும் அம்மா வைத்துக் கொடுத்த பிளேன்ரீயுமாக இருந்தார். மூன்றாம் நாள் பசி தாங்காமல் கஞ்சியைக் குடித்தார். வீடு, தோட்டம், கிணறு, மாடு எல்லாவற்றையும் விட்டுவந்தவர், அந்தக் கேள்வியை மட்டும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

அந்தக் கேள்விக்கு எதிராக எழுபது வருடங்களுக்கு முன்பே யாழ்ப்பாணத்தில் ஓர் இளைஞர் கூட்டம் திரண்டிருந்தது என்பதைப் பல்கலைக்கழகம் போன பிறகுதான் அறிந்தேன். அதன் நடுவில் இருந்தவர் ஹன்டி பேரின்பநாயகம். கொக்குவில் இந்துக் கல்லூரியின் பழைய மாணவர்களுக்கு ஹன்டி மாஸ்டர்.

1899 இல் மானிப்பாயில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். அமெரிக்க மிஷனின் வழியில் வந்த கல்லூரி அது. அந்த மிஷனின் வரலாற்றில் சாப்பாட்டைப் பற்றிய சம்பவம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் விடுதிப் பாடசாலைகளை ஆரம்பித்தபோது, கிறிஸ்தவ வளவுக்குள் சமைத்ததை உண்ண மாணவர்கள் மறுத்தார்கள். பக்கத்தில் இருந்த சைவர் ஒருவரின் காணியில் குசினி போடவேண்டி வந்தது. ஆங்கிலமும் கணிதமும் வெள்ளைக்காரனிடம் படிக்கலாம், சோறு மட்டும் கூடாது.

இதை மதப் பிடிப்பு என்று மட்டும் வாசித்தால் பாதிதான் விளங்கும். காலப்போக்கில் பலர் கிறிஸ்தவரானார்கள். ஆனால் யாரோடு இருந்து சாப்பிடலாம் என்ற கணக்கு மதத்தோடு சேர்ந்து மாறவில்லை. சைவரும் கிறிஸ்தவரும் ஒரே குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்தார்கள், கலியாண வீட்டில் ஒரே பந்தியில் இருந்தார்கள். அதே ஊரில் அதே கோயிலையோ அதே தேவாலயத்தையோ கும்பிட்ட இன்னொரு சாதியார் அந்தப் பந்திக்கு வெளியே நின்றார்கள். யாழ்ப்பாணத்தின் மத நல்லிணக்கம் என்று நாம் பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் இந்த வேலிக்கு உள்ளே இருந்தவர்களின் நல்லிணக்கம்தான்.

1924 இல் பேரின்பநாயகமும் தோழர்களும் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பின்னர் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஒறேற்றர் சுப்பிரமணியம், எஸ். நடேசன், எம். பாலசுந்தரம் போன்றோர் அதன் முன்னணியில் இருந்தார்கள். சைவர், கிறிஸ்தவர் என்ற பிரிவு அங்கே இருக்கவில்லை. முழுச் சுதந்திரம், தீண்டாமை ஒழிப்பு, தாய்மொழிக் கல்வி, மதுவிலக்கு, இனங்களுக்கிடையில் ஒற்றுமை ஆகியவை அவர்களின் இலக்குகள். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும் சிங்களப் பிள்ளைகள் தமிழும் படிக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவர்களின் அழைப்பில்தான். கதர் நிதி சேர்க்க வந்தவர், போன இடமெல்லாம் தீண்டாமையைப் பற்றியும் பேசினார்.

ஆனால் காந்திக்கு மாலை போட்ட ஊர், அவர் சொன்னதைக் கேட்கத் தயாராக இருக்கவில்லை. அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பாடசாலையில் நிலத்தில் இருந்தார்கள், அல்லது மற்றவர்களின் வாங்கைவிடப் பதிந்த வாங்கில் இருந்தார்கள். 1929-30 காலப்பகுதியில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. அந்த உத்தரவை நீக்கும்படி மனுக்கள் போயின. பிள்ளைகளை மறித்தார்கள். சில பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீ வைத்தார்கள். விடுதிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் இருத்தியபோதும் இதே கொந்தளிப்பு.

வாலிபர் காங்கிரஸ் சம ஆசனத்தின் பக்கம் நின்றது. தன் கூட்டங்களில் சம போசனத்தையும் நடைமுறையாக்கியது. இன்று இது சின்ன விடயமாகத் தெரியலாம். அன்று ஒரே வாங்கிலும் ஒரே பந்தியிலும் இருப்பவர் வீட்டுக்குத் திரும்பியபின் தன் உறவினரின் பந்தியை இழக்கக்கூடும். மேடையில் சமத்துவம் பேசுவதற்கு அந்த விலை இல்லை. அதனால்தான் சாப்பாட்டைத் தொட்ட இடத்தில் அவர்களின் அரசியல் உண்மையானதாக மாறியது என்று நினைக்கிறேன்.

அவரைக் குறையில்லாத மனிதராக எழுத எனக்கு விருப்பம் இல்லை. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுதந்திரம் தரவில்லை என்பதற்காக 1931 அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி காங்கிரஸ் கேட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் 4 தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. தெற்கு பின்தொடரவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. தமிழர் அரசியலைத் தனிமைப்படுத்திய தவறு என்று இதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். சாதி, சொத்து, படிப்பு பாராமல் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தல் அது. பந்தியில் இடமில்லாத மனிதருக்கு வாக்குச்சாவடியில் முதன்முறையாக இடம் கிடைத்திருக்கவேண்டிய நாள், யாழ்ப்பாணத்தில் மூன்று வருடங்கள் தள்ளிப்போனது. அவர்களுக்காகப் பேசிய இயக்கமே அதற்குக் காரணமானது.

அதன் பிறகு காங்கிரஸின் செல்வாக்கு மெல்லத் தேய்ந்தது. அரசியல் இன அடிப்படையில் திரும்பியது. பேரின்பநாயகம் 1947 பொதுத் தேர்தலில் வட்டுக்கோட்டையில் சுயேச்சையாக நின்று தோற்றார். 1949 இல் கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபரானார், 1960 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். கிறிஸ்தவராகப் பிறந்த ஒருவர் இந்துக் கல்லூரிக்கு அதிபர். மதச்சார்பின்மை என்ற சொல்லை நாங்கள் அரசியலமைப்பு விவாதங்களில் தேடுகிறோம். அது கொக்குவிலில் பதினொரு வருடங்கள் ஒரு கதிரையில் இருந்தது.

1976 மே மாதம் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது, அவர் படித்ததும் படிப்பித்ததுமான அதே வட்டுக்கோட்டையில். 1977 ஓகஸ்டில் தெற்கில் தமிழர் அடித்து விரட்டப்பட்டார்கள். அந்த வருடம் டிசம்பரில் அவர் காலமானார். ஒன்றுபட்ட இலங்கை என்ற அவரின் கனவு அவருக்கு முன்பே செத்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் சம போசனம் கொழும்பை நம்பிய கனவு அல்ல. அதை நாங்களே முடித்திருக்கலாம்.

முடிக்கவில்லை. அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே தேநீர்க் கடைகளில் சிலருக்குக் கிளாஸ் இல்லாமல் போத்தலிலும் பேணியிலும் தேநீர் கொடுத்தார்கள். 1960களில் அதற்காகவும் கோயில் கதவுக்காகவும் மனிதர் அடிவாங்கினார்கள், செத்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை நாங்கள் பந்தியில் இருந்து மட்டுமல்ல, ஊரில் இருந்தே எழுப்பி அனுப்பினோம். இப்போது மாட்டிறைச்சிக் கடைகளை மூடச் சொல்லும் பதாகைகளும், இது சைவ பூமி என்ற பேச்சும் எங்கள் வீதிகளில் வந்திருக்கின்றன. புத்தர் சிலைகள் முளைக்கும்போது எங்களுக்கு வரும் கோபம் நியாயமானது. அந்தக் கோபத்தின் பெயரில் இன்னொருவரின் சட்டிக்குள் எட்டிப் பார்க்கும் உரிமை எங்களுக்கு வந்துவிடாது.

ஒருவர் மரக்கறி மட்டும் சாப்பிடலாம், ஒருவர் ஹலால் பார்க்கலாம், ஒருவர் வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாம். அவரவர் கோப்பையில் என்ன இருக்கிறது என்பது அவரவர் விடயம். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதற்காக எழும்பிப் போவதுதான் பிரச்சினை. சம போசனத்தின் பொருளை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

அம்மம்மா இப்போது இல்லை. முகாமில் அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர் யார் என்று பின்னர் அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எங்களை உயிரோடு வைத்திருந்தவரின் பெயரை நாங்கள் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. அவர் என்ன ஆள் என்பதை மட்டும் கேட்டிருந்தோம்.