உயிர்நீர் தந்த ரிங்கர்

மருத்துவமனையில் படுத்திருப்பவரின் தலைமாட்டில் ஒரு புட்டி தொங்கினால் போதும். அதனுள் இருப்பது எதுவாயினும், குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்பதே நம் ஊர் வழக்கு. ஆனால் புட்டியின் மேல் ஆர்.எல். என்று எழுதியிருந்தால் அதில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் கிடையாது. அந்த ஈரெழுத்துள் முதலாவது ஒரு மாமனிதரின் பெயரைக் குறிப்பது. அவரே சிட்னி ரிங்கர்.

இங்கிலாந்தின் நார்விச் நகரில் பிறந்த ரிங்கர், இளமையிலேயே தந்தையை இழந்தார். ஆயினும் கல்வியைக் கைவிடவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, அதன் மருத்துவமனையிலேயே மருத்துவராகவும் பேராசிரியராகவும் விளங்கினார்.

நோயாளிகளைக் கவனித்தது போக எஞ்சிய நேரத்தில் ஆய்வுக்கூடம் புகுவார். தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, எந்தக் கரைசலில் அது நெடுநேரம் துடிக்கும் என ஆராய்ந்தார். சோடியம் குளோரைடு கரைசலில் அது நன்கு துடித்தது. 1882-இல் அம்முடிவை வெளியிட்டார். பின்னரே, அக்கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அன்றிக் குழாய்நீரில் செய்யப்பட்டது என்பது தெரியவந்தது. வடிநீரில் செய்து பார்த்தார். இதயம் சோர்ந்து நின்றது! குழாய்நீரில் இயல்பாகக் கலந்திருந்த கால்சியமே அதனை இயக்கியது என்று கண்டார். புகழ் பெற்ற பேராசிரியர் மறைத்திருக்கலாம். அவரோ 1883-இல், தம் பிழையை அதே ஆய்விதழில் வெளிப்படையாக எழுதினார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் அளவோடு சேர்ந்த ரிங்கர் கரைசல் இவ்வாறு பிறந்தது. 1910-இல் அவர் மறைந்தார்.

1932-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதனுடன் லாக்டேட்டைச் சேர்த்தார். கல்லீரல் அதனை பைகார்பனேட்டாக மாற்றுவதால் இரத்தத்தின் அமிலமிகுதி தணிகிறது. எல். என்பது இதுவே.

ஏனைய எழுத்துகளையும் அறிவோம். என்.எஸ். என்பது லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த நீர். டி5 என்பது நூற்றுக்கு 5 பங்கு டெக்ஸ்ட்ரோஸ். இரண்டும் சேர்ந்தது டி.என்.எஸ். உடம்புக்குத் தெம்பு வரும் என்று கூலிப்பணத்தைக் கொடுத்துப் புட்டி ஏற்றிக்கொள்வோர் நம்மிடையே உண்டு. 500 மில்லி டி5 புட்டியில் இருப்பது 25 கிராம் சர்க்கரைதான்! எவருக்கு எது தேவை என்பதை மருத்துவரே அறிவார். படித்த நாம் இதனை வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா?

செய்முறைத் தேர்வில் விடை ஒத்து வராதபோது, எண்ணைத் திருத்திவிட நம் கை துடிக்கும். தோழர்களே, அவ்வேளையில் ரிங்கரை நினையுங்கள். ஒத்து வராத அந்த விடையைத் துருவிப் பார்த்ததால்தான் இன்று எண்ணற்றோர் உயிர் பிழைக்கின்றனர்.