ஒரு மலரும் ஒரு பெண்மணியும்

நம் குடியிருப்பில் சிங்கப்பூர் போய் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மகனோ மகளோ அங்கே வேலை பார்ப்பதால் இரண்டு மாதம் தங்கி வருபவர்களும் உண்டு. திரும்பும்போது தங்கமுலாம் பூசிய ஆர்க்கிட் பூ ஒன்றையாவது பரிசாக வாங்கி வந்திருப்பீர்கள். ஆர்க்கிட் அந்த நாட்டின் தேசிய மலர் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மலரின் முழுப் பெயர் வாண்டா மிஸ் ஜோக்கிம். யார் அந்த மிஸ் ஜோக்கிம்? இந்த இதழில் அவருடைய கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஆக்னஸ் ஜோக்கிம். ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆர்மீனிய மொழியில் அவர் பெயர் அஷ்கென். ஆர்மீனியர்கள் நம் ஊருக்குப் புதியவர்கள் அல்ல. பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்கிறோமே, அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. ஆர்மீனியன் தெரு என்பதே மக்கள் வாயில் அப்படி மாறிவிட்டது. 1772-ல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயத்தை இன்றும் அங்கே பார்க்கலாம். அதே சமூகத்தைச் சேர்ந்த சில வணிகக் குடும்பங்கள் சிங்கப்பூரிலும் குடியேறி, 1835-ல் ஹில் தெருவில் ஒரு தேவாலயம் கட்டின. ஆக்னஸின் தந்தையும் அப்படி ஒரு வணிகர்தான்.

ஆக்னஸ் 1854 ஏப்ரல் 7 அன்று சிங்கப்பூரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 11 குழந்தைகள். பெண்களில் இவர்தான் மூத்தவர். 1872-ல் தந்தை காலமானபோது ஆக்னஸுக்கு 18 வயது. தம்பி தங்கைகளை வளர்ப்பதில் தாய்க்குத் துணையாக நின்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டின் மூத்த பெண் இப்படிக் குடும்பத்தைத் தாங்கிய கதை நம் வீடுகளிலும் உண்டு, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டு விஷயங்களில் அவர் கைதேர்ந்தவர். ஒன்று பூத்தையல். தேவாலயத்தின் பீடத்துக்கு விரிப்பு தைத்துக் கொடுத்திருக்கிறார். மற்றொன்று தோட்டம். தாயும் மகளுமாகச் சேர்ந்து தஞ்சோங் பகாரில் இருந்த வீட்டுத் தோட்டத்தைப் பராமரித்தார்கள். மலர்க் கண்காட்சிகளில் பல பரிசுகளும் வாங்கினார்கள்.

அந்தத் தோட்டத்தில்தான் ஆக்னஸ் ஒரு புதிய ஆர்க்கிட்டை உருவாக்கினார். மலேயா பக்கத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் வாண்டா ஹூக்கரியானா ஒரு பெற்றோர். பர்மா, அஸ்ஸாம் பகுதிகளைச் சேர்ந்த வாண்டா டெரஸ் மற்றொன்று. இரண்டையும் கலப்பு செய்து விதை எடுத்து, நாற்றாக்கி, பூக்கவும் வைத்தார்.

இது சின்ன வேலை இல்லை. ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும். நெல்லிலும் அவரையிலும் இருப்பது போல முளைக்குத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் முளைக்கும். கண்ணாடிக் குடுவையில் சத்துக்கூழ் வைத்து, பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கும் முறை 1922-ல்தான் வந்தது. ஆக்னஸ் அதற்கு சுமார் 30 ஆண்டுகள் முந்தியவர். முளைத்த பிறகும் ஆர்க்கிட் நாற்று பூக்கப் பல வருடம் ஆகும். அத்தனை காலம் பொறுமையாகக் கவனித்திருக்கிறார்.

பூத்த செடியைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம் காட்டினார். மலேயாவில் ரப்பர் பயிரைப் பரப்பியவர் என்று பெயர் பெற்றவர் அவர். 1893-ல் லண்டன் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றில் இந்தச் செடியைப் பற்றி எழுதினார். இரண்டு இனங்களையும் கலப்பு செய்தவர் மிஸ் ஜோக்கிம் என்று தெளிவாகப் பதிவு செய்து, செடிக்கும் அவர் பெயரையே வைத்தார்.

1899-ல் சிங்கப்பூர் மலர்க் கண்காட்சியில் மிக அரிய ஆர்க்கிட்டுக்கான முதல் பரிசு இந்த மலருக்குக் கிடைத்தது. அப்போது ஆக்னஸ் புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜூலை 2 அன்று காலமானார். வயது 45.

அவர் போன பிறகும் செடி ஊர் ஊராகப் பரவியது. ஹவாய்த் தீவுகளில் மாலை கட்டுவதற்காகவே பெருமளவில் பயிர் செய்தார்கள். 1981-ல் சிங்கப்பூர் அரசு 40 மலர்களைப் பரிசீலித்து இதைத் தேசிய மலராக அறிவித்தது. 1967-ல் அந்த நாடு வெளியிட்ட முதல் கரன்சி நோட்டுகளிலும் ஆர்க்கிட் படங்கள்தான். நோட்டு எண்ணியே காலம் தள்ளிய எனக்கு அதில் தனி சந்தோஷம்.

ஆனால் செடிக்குப் புகழ் வந்தபோது ஆக்னஸின் உழைப்பு மீது சந்தேகம் எழுந்தது. அவர் கலப்பு செய்யவில்லை, தோட்டத்து மூங்கில் புதரில் தானாக முளைத்திருந்ததைப் பார்த்தார், மகரந்தம் சேர்த்தது வண்டுதான் என்று ஒரு கதை கிளம்பியது. புத்தகங்களிலும் ஏறியது. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. லெட்ஜரில் இரண்டு விதமாக எழுதியிருந்தால், அன்றைய தேதியில் போட்ட வவுச்சரைத்தான் தேடுவோம். இங்கே அந்த வவுச்சர் ரிட்லி 1893-ல் எழுதிய குறிப்பு. ஆக்னஸ் உயிரோடு இருந்தபோதே, செடியை நேரில் பார்த்த நிபுணர் எழுதியது. வரலாற்று ஆய்வாளர்கள் அதைத் திரும்ப எடுத்துக் காட்டி வாதாடினார்கள். 2015-ல் சிங்கப்பூர் மகளிர் பெருமை மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2016-ல் இந்த மலரை உருவாக்கியவர் அவரே என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். அவர் மறைந்து 117 ஆண்டுகளுக்குப் பிறகு சரியான கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

நம் மாடித் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்க்கிட் என்றாலே நிழல்வலையும் குளிரும் வேண்டும் என்று பலர் நினைக்கிறோம். இந்தச் செடி அப்படி இல்லை. நாள் முழுக்க வெயில், நல்ல காற்றோட்டம், ஈரப்பதம், ஏறுவதற்கு ஒரு கம்பு, தாராளமாக எரு, இவைதான் அதற்கு வேண்டும். நுனி கம்பைத் தாண்டி மேலே போன பிறகுதான் நன்றாகப் பூக்கும். அதனால் கம்பு மிக உயரமாக இருக்கக் கூடாது. வேர் விட்ட தண்டை வெட்டி நட்டால் புதுச் செடி தயார்.

யாராவது வாங்கி வளர்த்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு துண்டு கொடுங்கள். கொடுக்கும்போது, இதை உருவாக்கியவர் ஆக்னஸ் ஜோக்கிம் என்று பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.