ஸர் ஆலன் லேன்: ஆறு பென்ஸ் நூல் தந்தவர்

கல்வியின் பெருமையைப் பேசுவோர் பலர். அக்கல்வி எளியோர் கைக்கு எவ்விலையில் எட்டும் எனக் கணக்கிட்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவராகிய ஸர் ஆலன் லேன் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1902-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரிற் பிறந்தார். இயற்பெயர் ஆலன் லேன் வில்லியம்ஸ். தாய்வழி உறவினரான ஜான் லேன் என்பார் லண்டனில் பாட்லி ஹெட் என்னும் பதிப்பகத்தை நடத்திவந்தார். மகப்பேறற்ற அவருக்குத் துணையாக, 1919-ல் ஆலன் பள்ளியை விட்டுப் பணியில் அமர்ந்தார். குடும்பத்தாரும் லேன் என்னும் பெயரை மேற்கொண்டனர். பல்கலைக்கழகத்தின் வாயிலை அவர் மிதித்தாரல்லர். 1925-ல் ஜான் லேன் காலமானார். அடுத்த பத்தாண்டில் பதிப்பகம் பொருள் முடையால் தள்ளாடியது.

அந்நாளில் புதிய நாவல் ஒன்றின் விலை ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது 90 பென்ஸ். ஆலன் அதனை 6 பென்ஸுக்குக் கொடுக்கத் துணிந்தார்; பதினைந்தில் ஒரு பங்கு விலை! எக்ஸெட்டர் ரயில் நிலையத்தில் படிக்கத்தக்க நூலொன்றும் கிட்டாமையே இவ்வெண்ணத்திற்கு வித்து என்பர்.

இது எங்ஙனம் இயலும்? எழுத்துக் கோக்கும் செலவு நூறு படிக்கும் ஒன்றே, இருபதினாயிரம் படிக்கும் ஒன்றே. படிகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றின் தலையிலும் விழும் சுமை குறையும். துணிக்கட்டடத்தை நீக்கிக் காகித அட்டையிட்டார். முன்னரே வெளிவந்து பெயர்பெற்ற நூல்களையே தெரிந்தெடுத்தார். ஆசிரியர்க்குப் படியொன்றுக்குச் சிறு தொகையே அளித்தார். ஆயினும் ஒரு நூல் ஏறத்தாழ 17,000 படிகளுக்குமேல் விற்றாலன்றி முதல் திரும்பாது.

1935 ஜூலை 30-ல் ஹெமிங்வே, அகதா கிரிஸ்டி முதலியோரின் பத்து நூல்கள் பெங்குவின் சின்னத்துடன் வெளிவந்தன. புத்தகக் கடைக்காரர் தயங்கினர். வந்த ஆர்டர்கள் போதவில்லை. அப்பொழுது, ஆறு பென்ஸுக்கு மேற்பட்ட பொருளை விற்பதில்லை என்னும் நியதியுடைய உல்வொர்த் கடையினர் 63,500 படிகள் கேட்டனர். முயற்சி பிழைத்தது. 1936-ல் பெங்குவின் தனிக் கம்பெனியாயிற்று. லண்டனில் ஓர் ஆலயத்தின் நிலவறையே அதன் முதற் கிடங்கு.

எதிர்ப்பும் எழாமலில்லை. மலிவு விலையால் வாசகனிடம் மிஞ்சும் பணம் சினிமாவுக்கே போகும், எழுத்தாளர் வாழ்வு கெடும் என ஜார்ஜ் ஆர்வெல் 1936-ல் அஞ்சினார். அவ்வச்சத்தை நாம் எளிதில் ஒதுக்கலாகாது. முதற் பதிப்பாளர் இடர் ஏற்று வெளியிட்ட நூலையே ஆலன் மலிவாக்கினார். ஆயிரம் பேரே விரும்பும் நூலுக்கு அவர்தம் கணக்கு உதவாது. ஆயின், ஆர்வெல் தம் கணக்கில் விட்டது ஒன்றுண்டு: அதுகாறும் ஒரு நூலும் விலைக்கு வாங்கியறியாத மக்கள் தொகை. அவர்களே ஆலனைக் காத்தனர்.

1937-ல் அறிவு நூல்களுக்கெனப் பெலிக்கன் வரிசை தோன்றியது. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற வி. கே. கிருஷ்ண மேனன் அதன் தொடக்ககாலப் பதிப்பாசிரியருள் ஒருவர் என்பது நமக்கு உவகை தருவதாம். 1942-ல் தம்பி ஜான் போரில் மாண்ட துயரையும் தாங்கி, 1946-ல் ஹோமரின் ஒடிஸி முதலாகப் பழம்பெரு நூல் வரிசையைத் தொடங்கினார். 1952-ல் ஸர் பட்டம் பெற்றார். 1960-ல் லாரன்ஸின் நாவலொன்றை வெளியிட்டமைக்காக நடந்த வழக்கில் அவர் கம்பெனி வென்றது. 1970 ஜூலை 7-ல் மறைந்தார்.

அவர் புலவரல்லர், ஒரு வணிகரே. இலாபத்தை அவர் வெறுத்தாருமல்லர். ஆயினும், பலரிடம் சிறிது பெறுதல் சிலரிடம் மிகுதி பெறுவதினும் நன்று என்று கண்டார். வாசகர் தரம் தாழ்ந்தது என்று குறைகூறுமுன், நூலின் விலையை நோக்குதல் வேண்டும் என்பதே அவர் வாழ்க்கையினின்று நாம் கற்கும் பாடம்.