ஈப்போவில் பிறந்த தந்தை செல்வா

கியா பார்மிலிருந்து கம்போங் ராஜா வழியாக மலையிறங்கி, சிம்பாங் பூலாயைத் தாண்டினால் ஈப்போ வந்துவிடும். சாமான் வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போக என்று நம்மவர்கள் போய்வருகிற ஊர்தான். அந்த ஊரில் பிறந்த ஒருவர், இலங்கைத் தேயிலைத் தோட்ட மக்களுக்காகத் தம் கட்சியையே விட்டு வெளியேறினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் தந்தை செல்வா என்று மக்கள் அழைத்த எஸ்.ஜே.வி. செல்வநாயகம்.

1898 மார்ச் 31-இல் பிறந்தார். தகப்பனார் வேலுப்பிள்ளை யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்காரர்; பிழைப்புத் தேடி மலாயா வந்தவர். பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று தாயார் அவர்களைச் சிறு வயதிலேயே ஊருக்குக் கூட்டிப்போனார். செல்வநாயகம் நன்றாகப் படித்தார். விஞ்ஞானப் பட்டம் வாங்கி, வாத்தியாராக வேலை பார்த்து, பிறகு வக்கீலானார். சிவில் வழக்குகளில் பெரிய பெயர். கை நிறைய வருமானம்.

1927-இல் எமிலி கிரேஸைக் கைப்பிடித்தார். நான்கு ஆண், ஒரு பெண் என்று நிறைந்த குடும்பம். தேவாலயத்துக்குப் போகிற கிறிஸ்தவர். ஆனாலும் வேட்டியையும் தமிழ்ப் பண்பாட்டையும் விடவில்லை. காங்கேசன்துறைத் தொகுதியில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். அவர்கள் மதம் பார்க்காமல் 1947-இல் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அதே 1947 தேர்தலில் மலைநாட்டுத் தோட்ட மக்களின் காங்கிரசுக்கு ஏழு இடங்கள் கிடைத்திருந்தன. அது பலர் கண்ணை உறுத்தியது. 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம், காடு வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு ஓட்டும் பறிபோயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

செல்வநாயகம் இருந்த தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலமோ அரசாங்கத்தில் மந்திரியாகச் சேர்ந்தார். செல்வநாயகம் நினைத்திருந்தால் பேசாமல் கூடவே இருந்திருக்கலாம். தோட்டத்து மக்கள் அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் அல்லர். ஆனால் இன்று அவர்கள் தலையில் விழுகிற அடி நாளை நம் மொழி மீதும் விழும் என்று அவர் கணித்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதற்கு 1952-இல் விலை கொடுத்தார். சொந்தத் தொகுதியிலேயே தோற்றுப்போனார். 1956-இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தபோதுதான் அவர் கணக்கு தப்பவில்லை என்பது பலருக்கு விளங்கியது. அந்த ஆண்டுத் தேர்தலிலும் மக்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

சத்தியாக்கிரகம் இருந்தார். 1957-இல் பண்டாரநாயக்காவோடும், 1965-இல் டட்லி சேனநாயக்காவோடும் ஒப்பந்தம் செய்தார். இரண்டும் நிறைவேறவில்லை. 1957 ஒப்பந்தத்திலும் தோட்ட மக்களின் குடியுரிமைக்கு விரைவில் கவனிப்போம் என்ற வாக்குத்தான் கிடைத்தது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காது மந்தம், நடுக்கு நோய், மெலிந்த குரல். அத்தனையோடும் கடைசிவரை பொதுவேலை செய்தார். 1977 ஏப்ரல் 26-இல் காலமானார். மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சிவப்பு அடையாளக் கார்டோடு பல வருஷம் அலைந்த பெரியவர்கள் நம் லயங்களிலும் இருந்தார்கள். ஆகவே இது அயல்நாட்டுக் கதை அல்ல. பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் வெறும் காகிதம்தானே என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு தலைமுறையே தவித்தது. அதற்காக, ஈப்போவில் பிறந்த ஒரு மனிதர் தம் பதவியை இழக்கவும் துணிந்தார்.